பெற்றோர் கொடுத்ததும் கொடாது விட்டதும்

புதிய நாடொன்றில் வைத்தியரிடம் முதன்முறையாகச் செல்லும் எம்மவர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. "உமது குடும்பத்தில் எவருக்காவது நீரிழிவு உண்டா? மாரடைப்பு வந்ததுண்டா?" கேட்பவருக்கு அது ஒரு படிவத்தின் நான்காவது வரி. பதில் சொல்பவருக்கோ அது எளிதன்று. தகப்பனார் நோய் வருவதற்கு முன்னரே போரில் மாண்டிருப்பார். தாயார் ஊரில் இருப்பார். தமையன் ரொறன்ரோவிலும் தங்கை ஒஸ்லோவிலும் வாழ்வர். குடும்பம் என்ற சொல்லுக்கு நான்கு நாடுகளின் தொலைபேசி இலக்கங்களே இன்று விளக்கமாக இருக்கும்.

சில வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் இதற்கு அப்பாலும் சென்று, ஆராய்ச்சிக்கென உங்கள் இரத்தத்தையும் உங்கள் பெற்றோர், பிள்ளைகள், சகோதரர் ஆகியோரின் இரத்தத்தையும் தருவீர்களா எனக் கேட்கின்றன. தனியொருவரை விட்டுக் குடும்பத்தை ஏன் கேட்கிறார்கள்? உயரம், நிறை, இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு என்று ஒருவரிடமே பல அளவுகளை ஏன் எடுக்கிறார்கள்? அவற்றை வைத்து என்ன கணக்குப் போடுகிறார்கள்? இவை பற்றிய தெளிவு இல்லாமையால் சிலர் அஞ்சி மறுக்கின்றனர். சிலர் வாசியாமலே கையொப்பமிடுகின்றனர். அக்கணக்கின் அடிப்படையை இயன்றவரை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

எமது பாடநூல்கள் பரம்பரை அலகு என்று குறிப்பிட்டதையே தமிழகத்தார் மரபணு என்பர். ஒவ்வொரு மரபணுவும் எம்மிடம் இரு பிரதிகளாக உள்ளது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தது. ஒரே மரபணு ஆளுக்காள் சிறு வேறுபாட்டுடன் வெவ்வேறு வடிவங்களில் இருக்கக்கூடும். ஒரு வடிவம் ஒரு நோய்க்குக் காரணமாகிறதா என்று அறிய எவருக்கும் முதலில் தோன்றும் வழி, நோயாளர் ஆயிரம் பேரையும் நோயற்றோர் ஆயிரம் பேரையும் ஒப்பிட்டு, அவ்வடிவம் எப்பக்கத்தில் கூடுதலாக உள்ளது என்று எண்ணுவதாகும்.

இவ்வழி நேர்மையானதாகத் தோன்றினும் இதில் ஒரு பொறி உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா எனப்படும் பழங்குடி மக்களிடையே நீரிழிவு மிக அதிகம். அவர்களிடமும் அயலிலுள்ள பப்பாகோ மக்களிடமும் 4,920 பேரை ஆராய்ந்த முடிவு 1988 இல் வெளியாயிற்று. நோயெதிர்ப்புப் புரதத்தோடு தொடர்புடைய மரபணு வடிவத்தொகுதி ஒன்றை உடையோரில் சுமார் 8 வீதத்தினருக்கே நீரிழிவு இருந்தது. அது இல்லாதோரில் சுமார் 29 வீதத்தினருக்கு இருந்தது. அவ்வடிவமே நோயிலிருந்து காக்கும் கவசம் என்று எவரும் முடிவு கட்டியிருப்பர்.

உண்மை வேறாக இருந்தது. அவ்வடிவம் ஐரோப்பியரிடம் மலிந்தும் பீமா மக்களிடம் அருகியும் காணப்படுவது. அதை உடையோர் பெரும்பாலும் ஐரோப்பிய மூதாதையரும் கொண்டவர்கள். ஐரோப்பியக் கலப்பு எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்கு அம்மக்களிடம் நீரிழிவு குறைந்திருந்தது. ஒரே அளவு கலப்புடையோரைத் தமக்குள் ஒப்பிட்டபோது அந்தக் கவசம் மறைந்துபோயிற்று. அவ்வடிவம் அம்மக்களின் வம்சாவளியைக் காட்டும் அடையாளமாக இருந்ததேயன்றி நோயைத் தடுக்கவில்லை.

இது எமக்குத் தொலைவான கதையன்று. இலண்டன் போன்ற ஒரு நகரில் நீரிழிவாளர் ஒரு பக்கமும் நோயற்றோர் மறுபக்கமும் நிறுத்தப்பட்டால், நோயாளர் வரிசையில் தெற்காசியர் கூடுதலாக நிற்பர். அப்போது தெற்காசியரிடம் மலிந்துள்ள எந்த மரபணு வடிவமும், அது தலைமயிரின் நிறத்துக்குரியதாக இருந்தாலுங்கூட, நீரிழிவுக்குக் குற்றவாளியாகத் தோன்றும். பல இனத்தார் கலந்து வாழும் ஊர்களில் இவ்வாறு பழி மாறி விழுவதைத் தடுக்கும் வழிகளுள் உறுதியானது குடும்பத்தை ஆராய்வதாகும்.

கொடாது விட்டதே சாட்சி

1993 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்பீல்மன், ரால்ப் மக்கினிஸ், வாரன் யூவென்ஸ் ஆகிய மூவர் அமெரிக்க மனித மரபியல் சஞ்சிகையில் ஒரு சோதனையை வெளியிட்டனர். அதன் உட்பொருள் மிக எளிது. ஒரு தாயிடம் ஒரு மரபணுவின் இரு வேறு வடிவங்கள் உள்ளன என்க. அவற்றுள் ஒன்றையே அவர் பிள்ளைக்குக் கொடுக்கிறார். மற்றது கொடாது விடப்படுகிறது. எதைக் கொடுப்பது என்பது பூவா தலையா போடுவதைப் போன்றது. நோயுற்ற பிள்ளைகள் பலரை எடுத்து, பெற்றோர் கொடுத்தவற்றையும் கொடாது விட்டவற்றையும் எண்ணினால், அவ்வடிவத்துக்கும் நோய்க்கும் தொடர்பில்லாதவிடத்து இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அதற்குக் காரணம் உண்டு.

இங்கே ஒப்பீடு அயலாரோடு செய்யப்படுவதில்லை. கொடுத்ததும் கொடாது விட்டதும் ஒரே தாயின் உடலில், ஒரே வம்சாவளியில் இருந்தவை. எனவே இனக்கலப்பினால் விளையும் பொய்த்தோற்றத்துக்கு இச்சோதனையில் இடமில்லை.

அவர்கள் காட்டிய உதாரணத்தை நாமும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறுவயதிலேயே இன்சுலின் ஏற்றவேண்டிய நீரிழிவு வகையைக் கொண்ட 94 குடும்பங்கள் அவை. இன்சுலினை ஆக்கும் மரபணுவின் அயலிலுள்ள ஒரு துண்டின் இரு வேறு வடிவங்களைக் கொண்ட பெற்றோர் நோயுற்ற பிள்ளைகளுக்குக் கடத்திய 124 சந்தர்ப்பங்கள் எண்ணப்பட்டன. சமமாயின் 62 உம் 62 உம் வரவேண்டும். ஐயத்துக்குரிய வடிவம் 78 தடவை கொடுக்கப்பட்டிருந்தது. 46 தடவை கொடாது விடப்பட்டிருந்தது. வித்தியாசம் 32. அதன் வர்க்கம் 1,024. அதை 124 ஆல் வகுத்தால் 8.26. இத்துணைப் பெரிய சாய்வு தற்செயலாக வரக்கூடிய நிகழ்தகவு ஆயிரத்தில் நான்கு அளவே. க.பொ.த. சாதாரண தரக் கணிதம் படித்தவர் ஒரு தாளில் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கு, பல ஆண்டுகளாக நீடித்த ஐயமொன்றைத் தீர்க்க உதவிற்று.

ஒரு நோயல்ல, ஒரு கூட்டம்

மேற்கண்ட சோதனையில் வினா ஒன்றே: நோய் உண்டா, இல்லையா? ஆனால் எம்மவரிடையே பரவலாகக் காணப்படும் நடுவயது நீரிழிவு தனியே வருவதில்லை. இடுப்புச் சுற்றளவு கூடுகிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது; இரத்தத்தில் ஒருவகைக் கொழுப்பு மிகுகிறது; நன்மை தரும் கொலஸ்ரரோல் குறைகிறது; பின்னர் சீனி உயர்கிறது. ஆகவே இன்றைய ஆய்வில் பிள்ளை ஒருவருக்கு ஓர் எண் போதாது, ஓர் எண் வரிசையே எழுதப்படுகிறது. குடும்பமும் பல, அளவுகளும் பல என்றாகும்போது கணக்கு சிக்கலடைகிறது.

முதற் சிக்கல், கூடுதலாகத் தேடினால் கூடுதலாகப் பொய் அகப்படும் என்பது. நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் தவறை அனுமதித்து, ஒன்றோடொன்று தொடர்பற்ற இருபது அளவுகளைத் தனித்தனியே சோதித்தால், உண்மையில் எத்தொடர்பும் இல்லாதபோதும் குறைந்தது ஒரு பொய்யான தொடர்பாவது தலைகாட்டும் நிகழ்தகவு 64 வீதமாகும். இதற்கு இத்தாலியக் கணித அறிஞர் பொன்பெரோனியின் பெயரால் வழங்கும் பரிகாரம், அனுமதித்த தவறை இருபதால் வகுத்துவிடுவதாகும். 0.05 என்பது 0.0025 ஆகிறது. இப்பரிகாரம் பாதுகாப்பானது; ஆனால் மிகக் கடுமையானது. ஒருவரின் உயரத்தை அங்குலத்தில் ஒரு தடவையும் சென்ரிமீற்றரில் ஒரு தடவையும் எழுதிவிட்டு, இரண்டு அளவு எடுத்தோம் என்று இரட்டைத் தண்டனை விதித்தால் அது நியாயமாகுமா? இடுப்பும் நிறையும் அழுத்தமும் அந்த அளவுக்கு ஒன்றல்லவெனினும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பிணைப்பைக் கருதாது தண்டித்தால் உண்மையான தொடர்பும் தப்பிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவரிடம் கேட்ட செய்தியையே மூவர் வந்து சொன்னால் மூன்று சாட்சியாகாது. ஒரு மரபணு வடிவம் நிறையோடும் அழுத்தத்தோடும் சீனியோடும் தொடர்புடையதாகத் தோன்றினால், மூன்று நோய்க்கும் காரணம் கண்டோம் என்று கொண்டாட முடியாது. நிறை ஒன்றே மற்ற இரண்டையும் இழுத்து வந்திருக்கலாம். இதற்கு 2007 ஆம் ஆண்டின் உதாரணம் ஒன்று தெளிவானது. அது குடும்ப ஆய்வன்று, பொதுமக்களிடையே நடந்தது. எப்.ரி.ஓ. எனப்படும் மரபணு நீரிழிவோடு தொடர்புடையதென முதலில் கண்டனர். உடற்பருமனைக் கணக்கில் சேர்த்தவுடன் நீரிழிவுத் தொடர்பு மறைந்தது. அம்மரபணு நிறையைக் கூட்டியது. நிறை நீரிழிவைக் கொண்டுவந்தது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அவ்வடிவத்தைப் பெற்றவர், அதைப் பெறாதவரைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார். சீனியை மட்டும் அளந்திருந்தால் இவ்வுண்மை வெளிவந்திராது.

இரு சிக்கல்களுக்கும் குடும்ப ஆய்வாளர் கண்ட வழிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் நான் லயர்ட், கிறிஸ்ரோப் லாங்கே முதலியோர் 2003 இல் வெளியிட்ட முறை, எல்லா அளவுகளையும் ஒரே வேளையில் விசாரிப்பது. ஒவ்வோர் அளவுக்கும் பிள்ளைகள் பெற்ற வடிவம் எதிர்பார்த்ததைவிட எப்பக்கம் சாய்கிறது என்று கண்டு, சாட்சிகள் ஒருவரோடொருவர் எவ்வளவு உறவுடையவர் என்பதையும் மதிப்பிட்டு, அதற்கேற்பக் குறைத்து எடைபோட்டு, இறுதியில் ஒரே தீர்ப்பு வழங்குவது. அடுத்த ஆண்டு வந்த முறை, பல அளவுகளுக்கும் தக்க நிறைகொடுத்துக் கூட்டி ஒரே புள்ளியாக்குவது. எவ்வளவு நிறை கொடுப்பது என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாது, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மிகக் கூடுதலாகக் கடத்தப்படும் கூட்டு எதுவோ அதைக் கணக்கே தெரிவு செய்யும். முதலாவது, மரபணு எந்த அளவைத் தொடுகிறது என்று முன்கூட்டித் தெரியாதபோது உதவும். இரண்டாவது, எல்லா அளவுகளும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று கருத இடமிருக்கும்போது வலிமை பெறும்.

மூன்று தலைமுறை தந்த பாடம்

மசசூசெற்ஸ் மாநிலத்தின் பிரேமிங்காம் என்ற சிறு நகரில் 1948 இல் 5,209 பேருடன் ஓர் இருதய ஆய்வு தொடங்கியது. 1971 இல் அவர்களின் பிள்ளைகளும் மருமக்களுமாக 5,124 பேர் சேர்க்கப்பட்டனர். 2002 முதல் பேரப்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். மூன்று தலைமுறையின் நிறையும் அழுத்தமும் கொழுப்பும் அங்கே பதிவாகியுள்ளன.

அக்குடும்பங்களுள் 694 பேரிடம் 86,604 மரபணுக் குறிகளைத் தேடிய ஆய்வொன்று 2006 இல் வெளியாயிற்று. இத்தனை குறிகளையும் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் சோதித்தால் 4,300 க்கு மேற்பட்ட பொய்த்தொடர்புகள் வந்து குவியும். எனவே அவர்கள் சோதனையை இரண்டாகப் பிரித்தனர். பிள்ளை உண்மையில் எதைப் பெற்றது என்று பாராது, பெற்றோரை வைத்து எதைப் பெற்றிருக்கலாம் என்ற எதிர்பார்ப்பை மட்டும் கொண்டு, ஆராயத் தகுந்த மிகச் சில குறிகளை முதலில் தெரிந்தெடுத்தனர். பின்னரே பிள்ளை பெற்றதைப் பார்த்தனர். வினாக்களைத் தெரிவு செய்தவர் விடைத்தாளைப் பார்க்கவில்லை என்பதால் ஒரே தரவை இருமுறை பயன்படுத்தியும் நேர்மை கெடவில்லை. இவ்வாறு இன்சிக்-2 என்ற மரபணுவின் அருகே உடற்பருமனோடு தொடர்புடைய ஒரு வடிவத்தைக் கண்டனர்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மறுவருடமே வேறு மக்களிடையே தேடிய பல குழுவினர் அத்தொடர்பைத் தம்மால் காணமுடியவில்லை என அதே சஞ்சிகையில் எழுதினர். எப்.ரி.ஓ. பல நாடுகளிலும் மீண்டும் மீண்டும் உறுதியானது போல இது உறுதியாகவில்லை. நுட்பமான கணக்கு ஒரு தவறைத் தடுக்கும்; எல்லாத் தவறுகளையும் தடுக்காது. ஒரு முடிவு இரண்டாவது ஊரிலும் உறுதிப்படும்வரை அதைச் செய்தித் தலைப்பாக மட்டுமே கொள்ளல் வேண்டும். "இன்ன மரபணு கண்டுபிடிக்கப்பட்டது" என்று வாசிக்கும்போதெல்லாம் இதை நினைவிற் கொள்வது நன்று.

மரபணுவா, வீடா?

குடும்பக் கணக்கின் மிகப் பெறுமதியான பயன் 2022 இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. 19 ஆய்வுத் தொகுதிகளிலிருந்து 178,086 சகோதர சகோதரிகளை எடுத்து, 25 இயல்புகளை ஒன்றாக ஆராய்ந்தனர். உயரம், கல்வி, புகைத்தல், மனச்சோர்வு, கொலஸ்ரரோல் முதலியன அவற்றுள் அடங்கும். ஒரு வீட்டிற் பிறந்த இருவரைத் தமக்குள் ஒப்பிட்டபோது, கொலஸ்ரரோல் போன்ற உடற்கூற்று அளவுகளில் மரபணுவின் பங்கு பெரிதும் மாறவில்லை. ஆனால் கல்வி போன்றவற்றில், அயலாரை ஒப்பிட்டுப் பெற்ற பங்கு கணிசமாகச் சுருங்கியது. மரபணுவின் வேலை என எண்ணியதில் ஒரு பகுதி வீட்டின் வேலையாகவும் சூழலின் வேலையாகவும் மக்கள் பிரிந்து வாழும் முறையின் விளைவாகவும் இருந்தது.

கல்வியையும் அறிவையும் இனத்தின் இரத்தத்தோடு முடிச்சுப் போட்டு, வந்தேறிகளைத் தரம்பிரிக்க விரும்புவோர் எந்நாட்டிலும் உளர். அவர்கள் காட்டும் எண்களை நாம் கேள்வி கேட்பதற்கு இவ்வாய்வு கருவி தருகிறது. "இதை ஒரே குடும்பத்தின் பிள்ளைகளுக்குள் ஒப்பிட்டீர்களா?" என்பதே அக்கேள்வி.

சிதறிய குடும்பங்களுக்கு இடமுண்டா?

இவற்றை வாசிப்போர் மனதில் ஒரு கவலை எழலாம். தாய் தந்தை இருவரின் இரத்தமும் தேவையெனில் எம்மில் எத்தனை குடும்பங்கள் தேறும்? போரும் காணாமற்போதலும் கடலும் எல்லையும் பிரித்த பின் பெற்றோரை எங்கே தேடுவது?

கணக்கியலாளர் இதற்கும் வழி கண்டுள்ளனர். நடுவயதில் வரும் நோய்களில் பெற்றோர் உயிரோடு இல்லாதிருப்பது எல்லாச் சமூகங்களிலும் வழமை. ஆகவே 1998 இல் ஸ்பீல்மனும் யூவென்ஸும் பெற்றோரின்றி, நோயுள்ள பிள்ளையையும் நோயற்ற சகோதரரையும் ஒப்பிடும் சோதனையை அமைத்தனர். ஒரே வயிற்றிற் பிறந்தோர் ஒரே வம்சாவளியினர் என்பதால் பழி மாறி விழும் ஆபத்து இங்கும் நீங்குகிறது. பெற்றோர் தரும் அளவு தகவலைச் சகோதரர் தருவதில்லை. எனவே கூடுதலான குடும்பங்கள் தேவைப்படும். ஆயினும் ரொறன்ரோவில் ஒருவரும் ஒஸ்லோவில் ஒருவருமாக இருக்கும் உடன்பிறப்புக்கள் கணக்கிற்கு வெளியே தள்ளப்படவேண்டியதில்லை.

இடம் தேவை என்பதற்குக் காரணமும் உண்டு. மேலே சொன்ன 2022 ஆம் ஆண்டு ஆய்வில் பங்குகொண்டோர் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரே. 2015 இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கட்கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் 102 பேர் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். எம்மவர் தந்த இரத்தம் உலக ஆய்வாளர் யாவரும் பயன்படுத்தும் அடிப்படை வரைபடத்தில் உள்ளது என்பது பெருமைக்குரியதே. எனினும் அத்திட்டம் எவருடைய சீனியையும் அழுத்தத்தையும் பதிவு செய்யவில்லை. வரைபடத்தில் எமது ஊர் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அவ்வூரில் எந்த நோய் ஏன் வருகிறது என்பதை அவ்வரைபடம் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை பல அளவுகளையும் எடுக்கும் குடும்ப ஆய்வுகளே.

கையொப்பமிடுமுன்

இரத்தம் கேட்கப்படும்போது எம்மவருக்கு எழும் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1985 இல் கானாவில் குடும்பத்தையுடைய ஒரு சிறுவன் பிரித்தானியாவுக்குள் அனுமதிக்கப்படாது தடுக்கப்பட்டபோது, அவன் அந்தத் தாயின் பிள்ளையே என்பதை அலெக் ஜெவ்ரிஸ் என்ற விஞ்ஞானியின் டீ.என்.ஏ. சோதனை நிறுவியது. குடிவரவு அலுவலுக்கு அச்சோதனை பயன்பட்ட முதற் சந்தர்ப்பம் அது. சேர்த்து வைக்கும் அதே சோதனை பிரித்து வைக்கவும் கூடும் என்பதை எம்மவர் அறிவர். ஆராய்ச்சிக்கான இரத்தமும் விசாவுக்கான இரத்தமும் வெவ்வேறு நோக்கத்துக்குரியவை. அவ்வேறுபாடு எழுத்தில் இருக்கவேண்டும் எனக் கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்றும் உண்டு. குடும்ப ஆய்வில் கணக்குத் தொடங்குமுன், பிள்ளையின் மரபணு பெற்றோருடையதோடு பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது வழமை. போர்க்காலத்தில் உறவினர் பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தோர் எம்மிடையே உளர். வீட்டில் சொல்லப்படாத உண்மைகள் ஆய்வுக்கூடத்தில் தெரியவரலாம். எனவே கையொப்பமிடுமுன் பின்வருவனவற்றை உங்கள் மொழியில், மொழிபெயர்ப்பாளர் மூலமாகவேனும், கேட்டுத் தெளிவது நலம்: இரத்தமும் தகவலும் எவருக்கு வழங்கப்படும்? அரச அலுவலகங்களுக்கு அவை செல்லுமா? உறவுமுறை பற்றித் தெரியவருவதை என்ன செய்வார்கள்? சிகிச்சைக்கு உதவும் முடிவு கிடைத்தால் அறிவிப்பார்களா? பின்னர் விலக விரும்பினால் விலகலாமா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் பங்குகொள்வதில் எமக்கும் பிள்ளைகளுக்கும் நன்மையுண்டு. பதில் கிடையாவிடின் மறுப்பதில் தவறில்லை.

ஆராய்ச்சி எதிலும் சேராதவரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஊரிலுள்ள தாயாரோடு அடுத்தமுறை தொலைபேசியிற் பேசும்போது, தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் பெரியம்மா சித்தப்பாமாருக்கும் என்ன நோய் இருந்தது, எந்த வயதில் வந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உடன்பிறந்தோருக்கும் அதன் பிரதியை அனுப்புங்கள். அதைச் சொல்லக்கூடிய தலைமுறை முதுமை அடைந்து வருகிறது. படிவத்தின் நான்காவது வரிக்கு எம் பிள்ளைகள் ஒருநாள் பதில் எழுதும்போது, "தெரியாது" என்று எழுதும் நிலை அவர்களுக்கேனும் வராதிருக்கட்டும்.